பேய்க்குக் கிடைக்கும் செவி

ஒவ்வோர் ஆண்டும் முதுகலை வகுப்பில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை நடத்தி முடித்ததும் ஒரே கேள்விதான் வரும். “ஐயா, அந்த வேலைக்காரி பேயா, இல்லையா?” அதற்கு என்னிடம் பல ஆண்டுகளாகப் புழங்கிப் பளபளப்பேறிய விடை ஒன்று உண்டு. ஃபிராய்டு 1919இல் எழுதிய கட்டுரை ஒன்றைச் சொல்வேன். திகில் என்பது முற்றிலும் அந்நியமான ஒன்றிலிருந்து வருவதல்ல. நமக்கு நன்கு பழகிய, நம் வீட்டுக்குள்ளேயே இருந்த, ஆனால் நாம் அமுக்கி வைத்த ஒன்று திரும்பி வரும்போது பிறப்பது என்று அதில் அவர் வாதிடுகிறார். ஆகவே காஞ்சனை தெருவிலிருந்து வந்தவள் அல்லள், கதையைச் சொல்லும் கணவனின் நனவிலியிலிருந்து எழுந்து வந்தவள் என்பேன். இரவில் அவன் மூக்கில் ஏறும் பிணவாடையைச் சான்றாகக் காட்டுவேன். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். மணி அடிக்கும்.

சென்ற ஆண்டு மணி அடித்த பிறகும் ஒரு மாணவி போகவில்லை. காங்கயத்துப் பக்கம் ஊர். எல்லாரும் வெளியேறும்வரை பையின் வாரைத் திருகியபடி நின்றிருந்தாள். பிறகு கேட்டாள்: “ஐயா, எங்க அக்காளுக்கு இந்த அமாவாசைக்கும் கோடாங்கி வெக்கறாங்க. நீங்க இப்பச் சொன்னீங்கல்லங்க, அத எங்கப்பங்கிட்ட எப்பிடிங்கய்யா சொல்றது?”

என்னிடம் விடை இல்லை. கட்டுரையின் பெயரையும் ஆண்டையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண் தோட்டத்துச் சாளையில் என்ன செய்வாள்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியால் வந்தது. தத்துவம், உளப்பகுப்பாய்வு, இலக்கியம், அமானுஷ்யம் இவற்றையெல்லாம் ஒன்றாகப் போட்டு விடிய விடியப் பேசுவது கோவைப் பக்கத்து இலக்கிய நண்பர்களுக்கு நெடுநாள் பழக்கம். மருதமலைப் படிகளில் பாம்பாட்டிச் சித்தர் குகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லக்கானைப் பற்றிப் பேசிய இரவு என் நினைவிலும் இருக்கிறது. அத்தகைய நீண்ட உரையாடல்களால் உருவானவன் என்றே என்னைச் சொல்லிக்கொள்வேன். இப்போது எனக்கு ஓர் ஐயம். நீளமாகப் பேசுவது மட்டுமே ஒரு பேச்சை உரையாடல் ஆக்கிவிடுமா?

*

அந்த வார இறுதியில் அவள் ஊருக்குப் போனேன். அழைக்காமல் போனேன் என்பதையும் சொல்லவேண்டும். மகளின் வாத்தியார் என்பதால் அந்த வீட்டார் கயிற்றுக் கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். நான் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினேன். மருத்துவரிடம் காட்டலாமே என்றேன். தகப்பனாருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோபப்படவில்லை. என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார் என்றுதான் தோன்றியது.

“காட்டாமயா இருப்பமுங்க? போனமுங்க. அஞ்சு நிமிசமுங்க. எம் புள்ள மொகத்த நிமுந்துகூடப் பாக்காம எழுதிக் குடுத்துட்டாருங்க. கோடாங்கி போன அமாவாசைக்கு ராத்திரி பத்து மணிக்கு உக்காந்தவரு, கோழி கூப்புடற வரைக்கும் எந்திரிக்கலீங்க. அத்தன நேரம் எம் புள்ளகிட்ட உக்காந்து பேசுனவீக வேற ஆருங்க?”

இதற்கு என்ன மறுமொழி சொல்வது? ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. ஐந்து நிமிடத்துக்கு மேல் எங்கிருந்து வரும்? நாங்கள் இலக்கியக் கூட்டங்களில் வியந்து போற்றும் ‘நீண்ட உரையாடல்’ என்னும் அரிய பண்டத்தை அந்தக் குடும்பத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் உடுக்கை வைத்திருந்த அந்த மனிதர்தான். மூடநம்பிக்கை என்று நாம் பெயர் வைத்திருக்கும் பலவற்றின் உயிர் இந்த நேரக் கொடையில்தான் இருக்கிறது என்று எனக்கு அன்று பட்டது. நோயாளியின் கதையைக் குறுக்கிடாமல் கேட்பதையே சிகிச்சையாக்கியவர் ஃபிராய்டு. அவர் வியன்னாவில் மணிக்கணக்கில் கேட்டதை, அவர் பெயரையே அறியாத ஒருவர் காங்கயத்துப் பக்கத்தில் ஓர் இரவு முழுக்கச் செய்கிறார்.

பிறகு கேட்டேன்: “அப்ப உங்க மக என்ன சொன்னாங்க?”

அவர் வியப்போடு பார்த்தார். “அவ எங்கீங்க பேசுனா? அதுதான் பேசுச்சு.”

என் மொத்த வாதமும் இந்த வாக்கியத்தில் அடங்கிவிடும். கோடாங்கி உடுக்கையை அடித்துக் கேட்கிறார்: நீ யார், எந்த ஊர், ஏன் வந்தாய், என்ன வேண்டும்? கேள்விகள் அற்புதமானவை, எந்த உளப்பகுப்பாய்வாளரும் கேட்கக்கூடியவை. ஆனால் அவை அந்தப் பெண்ணை நோக்கிக் கேட்கப்படவில்லை, அவள்மேல் ஏறியிருப்பதாகச் சொல்லப்படும் இன்னொருவரை நோக்கிக் கேட்கப்படுகின்றன. வீட்டில் வாய் திறக்க முடியாதவள், பேயின் பெயரால் மாமியாரை ஏசலாம், தண்ணீர் கேட்கலாம், புதுப்புடவை கேட்கலாம். கேட்டது கிடைக்கும். பேய்க்கு அந்த வீட்டில் செவி உண்டு. அவளுக்கு இல்லை.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அன்று இரண்டு மணிநேரம் நானும் தகப்பனாரும் பேசிக்கொண்டிருந்தபோது அந்த அக்காள் நிலைப்படிக்கு உட்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு திரும்பும்போது பேருந்தில்தான் அது உறைத்தது.

*

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ‘நீலகேசி’ நினைவுக்கு வராமல் போகாது. பத்துச் சருக்கம், 894 பாடல். நம் பாடத்திட்டங்களில் ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்று என்னும் ஒற்றை மதிப்பெண் வினாவாகச் சுருங்கிப்போன நூல். ஆனால் அதன் அமைப்பை எண்ணிப்பாருங்கள். உயிர்ப்பலியைத் தடுத்துவிட்ட சமண முனிவர் ஒருவரை அச்சுறுத்தி விரட்டப் பழையனூரிலிருந்து வரவழைக்கப்படுகிறாள் நீலி. பேய். அவர் அஞ்சவில்லை. மந்திரம் போட்டு அவளைக் கட்டவும் இல்லை. பேசுகிறார். அவள் கேட்டு, சமணத்தை ஏற்கிறாள். கதை அங்கே முடிந்திருந்தால் அதுவும் ஒரு பேயோட்டும் கதைதான். முடியவில்லை. அதன்பிறகு அந்தப் பேய் ஊர் ஊராகச் சென்று குண்டலகேசியோடும், பௌத்தர்களோடும், ஆசீவகரோடும், சாங்கியரோடும், வைசேடிகரோடும், வேதவாதியோடும், பூதவாதியோடும் வாதிடுகிறது. சருக்கத்துக்குச் சருக்கம் குறுக்குக் கேள்வி.

மணிமேகலையும் வஞ்சியில் சமயக் கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்கிறாள். (அந்த வஞ்சி எங்கள் கொங்குநாட்டுக் கரூரா, சேரநாட்டுக் கொடுங்கோளூரா என்னும் சண்டையை இங்கே இழுக்கவில்லை.) ஆனால் மணிமேகலை அங்கே பெரும்பாலும் கேட்பவள். நீலகேசி வழக்காடுபவள். தத்துவமும் இலக்கியமும் அமானுஷ்யமும் ஒரே நூலில் சந்திக்கின்றன. அதில் அச்சமூட்டும் பொருளாக இருந்தவளுக்கே கேள்வி கேட்கும் உரிமை போய்ச் சேர்கிறது. அந்த நூல் சமணத்தின் பரப்புரைதான். எதிர்க்கட்சிக்காரர்கள் எல்லாரும் கடைசியில் தோற்கத்தான் செய்கிறார்கள். அது தெரிந்தே சொல்கிறேன். தன் பெயரில் பேசும் ஒரு பேயைப் படைத்த மரபு நம்முடையது. நாம் அதை மறந்துவிட்டு, பேயின் பெயரில் பேசும் பெண்களை மட்டும் வைத்துக்கொண்டோம்.

*

ஐரோப்பாவில் இந்த உரையாடலின் புகழ்பெற்ற கதை 1907 மார்ச்சில் தொடங்குகிறது. யுங் வியன்னாவுக்கு வந்து ஃபிராய்டைச் சந்தித்த முதல் நாளில் இருவரும் ஏறத்தாழ 13 மணிநேரம் பேசினார்கள் என்று யுங் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இரண்டாண்டு கழித்து அதே வீட்டில் அமானுஷ்யத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது புத்தக அலமாரியிலிருந்து படீரென்று ஒரு சத்தம். இன்னொரு முறையும் வரும் என்றார் யுங். வந்தது. எங்கள் ஊரில் என்றால் அன்றைக்கே அந்த அலமாரிக்குக் குங்குமம் வைத்திருப்பார்கள். ஃபிராய்டு என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். யுங் ஊருக்குப் போன பிறகும் அந்தச் சத்தம் வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்தார். வந்தது, யுங் இல்லாமலும், யுங்கை நினைக்காதபோதும். அதை அப்படியே அவருக்குக் கடிதமாக எழுதினார்.

ஆனால் ஃபிராய்டும் அவ்வளவு தூய பகுத்தறிவாளர் இல்லை. தொலைவில் இருக்கும் இருவர் மனத்தால் செய்தி பரிமாறிக்கொள்ள முடியுமா என்பது அவரைக் கடைசிவரை அரித்தது. 1921இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வைத்துக்கொண்டார். அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1941இல்தான் அது அச்சேறியது. இருவருக்கும் உள்ளே ஒரே ஆசை, ஒரே அச்சம். அதை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ள முடியாமல் 1913இல் பிரிந்தார்கள். யுங்கைப் பற்றி எனக்கு இன்னொரு மனத்தாங்கல் உண்டு. அவர் 1938 தொடக்கத்தில் சென்னைவரை வந்தார். திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்க்கவில்லை. ஏன் போகவில்லை என்று பின்னர் விரிவாக விளக்கம் எழுதினார். வாய்ப்பிருந்தும் போகாதவர் நேரில் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளுக்கு அந்த விளக்கம் ஈடாகாது. அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே தென்னார்க்காட்டு வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் மனிதர், பேசாதிருந்த அந்த இளைஞரின் முன்னால் உட்கார்ந்து, நான் யார் என்று தொடங்கிக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு எழுத்திலேயே விடை வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

வியன்னாவில் முறிந்தது கல்கத்தாவில் முறியவில்லை. கிரீந்திரசேகர் போஸ் என்னும் மருத்துவர் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஃபிராய்டை அவர் நேரில் கண்டதே இல்லை. 1921 முதல் 1937 வரை கடிதம் மட்டுமே. அந்தக் கடிதங்களில் அவர் சீடராக எழுதவில்லை. என் இந்திய நோயாளிகளிடம் உங்கள் கோட்பாடு இப்படிப் பொருந்தவில்லை என்று மரியாதை குறையாமல் மறுத்து எழுதினார். மறுத்துக்கொண்டே, 1931இல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குத் தந்தத்தாலான திருமால் சிலை ஒன்றைக் கழகத்தின் சார்பில் அனுப்பிவைத்தார்கள். அது ஃபிராய்டின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கழகம் இயங்கிய பார்சிபாகன் சந்து வீட்டில் அதற்கு முன்பே ஓர் அரட்டைச் சபை இருந்தது. வங்காளிகள் ‘அட்டா’ என்று சொல்வது. உத்கேந்திர சமிதி என்று பெயர்; மையம் பிசகியவர்களின் சங்கம் என்று சொல்லலாம். கிரீந்திரசேகரின் அண்ணன் ராஜசேகர் போஸ், பரசுராம் என்னும் பெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதியவர். பேய்களை வைத்தே சிரிக்கச் சிரிக்கக் கதை எழுதியவர். தம்பி கனவுகளை ஆராய்கிறார், கீதைக்கு விளக்கம் எழுதுகிறார், இளமையில் மனவசியம் பழகியவர். அண்ணன் அதே கூடத்தில் உட்கார்ந்து பேய்களைக் கேலி செய்கிறார். இப்படி வீட்டுக்குள்ளேயே ஒரு கேலிக்காரர் இருந்தால் எந்தக் கோட்பாடும் சாமியாடாது.

*

நம் பக்கத்துக்கு வருகிறேன். மேட்டுப்பாளையத்தில் மலையேறினால் உதகை. அங்கே ஃபெர்ன்ஹில்லில் நாராயண குருவின் சீடர் நடராஜ குரு 1923இல் தொடங்கிய குருகுலம். அவருடைய சீடர் நித்ய சைதன்ய யதி 1999இல் மறையும்வரை அந்த இடம் ஒரு நீண்ட உரையாடலாகவே இருந்தது. நித்யா உளவியல் கற்றவர். நாராயண குருவின் ‘தர்சனமாலா’வுக்கு உளவியல் நோக்கில் உரை எழுதியவர். 1960களில் தில்லியில் யோகிகளின் ஆற்றல்களை ஆராயும் நிறுவனம் ஒன்றின் இயக்குநராகவும் இருந்தார். அதாவது அமானுஷ்யத்தை நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. மேசைமேல் வைத்துப் பார்த்தார். ஜெயமோகன் வழியாக நித்யாவின் பெயர் தமிழ் வாசகர்களிடம் பரவியது; அவர் நினைவாக அந்தக் குருகுலத்தில் தமிழ் இலக்கிய முகாம்கள் நடந்தன. குருவின் முன்னால் குறுக்குக் கேள்வி கேட்க முடியுமா என்று என் இடதுசாரி நண்பர்கள் நக்கலாகக் கேட்பார்கள். முடிந்தது என்றே அங்கே போய்வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் தன் தரப்பைச் சொல்லவேண்டும் என்னும் பூர்வபட்ச நெறி வேதாந்த மரபின் சொத்து. தமிழ் மேடைகளில் அதைக் காண்பது அரிது.

ஆனால் அதே உதகையில் வேறொரு கதையும் உண்டு. பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் 1883இல் அங்கே சில மாதம் தங்கினார். நீலமலை மக்களைப் பற்றி ருஷ்ய வாசகர்களுக்காக எழுதினார். தோடர்கள் அவர் எழுத்தில் நல்ல மந்திர ஆற்றல் உள்ளவர்கள். குறும்பர்கள் தீய சூனியக்காரர்கள். வாசிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் குறும்பர்களை அப்படி எண்ணியது அவர் மட்டுமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில், சூனியம் வைத்தார்கள் என்னும் குற்றச்சாட்டில் நீலகிரியில் குறும்பர்கள் மீண்டும் மீண்டும் கூட்டமாகக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். 1835இல் பலர். அம்மையார் வருவதற்கு முந்திய ஆண்டான 1882இலும் கொலைகள் நடந்தன. இறந்தவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை: நீ சூனியம் வைத்தாயா? அவர்களைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், ஊர்க்காரர்களும், அதிகாரிகளும், மறைஞானிகளும்.

இரவு பதினோரு மணிக்குத் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அமானுஷ்யம் எவ்வளவு வசீகரமானது என்று நாங்கள் பேசும்போது இந்தக் கொலைகள் ஒருமுறைகூடப் பேச்சில் வந்ததில்லை. அந்த மலை எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் கொங்கில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். அண்ணன்மார் சாமி கதையை உடுக்கடித்துப் பாடும்போது படுகளம் என்று ஒரு கட்டம் வரும். பொன்னரும் சங்கரும் போரில் மாண்டதைப் பாடுகையில் அருளேறி ஆட்கள் மெய்யாகவே தரையில் விழுவார்கள். பிணம்போலக் கிடத்தி, சுற்றி அழுது, பிறகு தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். இரவிரவாக நீளும் கதை அது. பாட்டுக்காரர் ஒன்று சொல்ல, பின்பாட்டுக்காரர் இடைமறித்து ‘அப்புறம்?’ என்பார், ‘அதெப்படி?’ என்பார், கேலியும் செய்வார். காங்கயத்துப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிரெண்டா பெக் 1960களில் இந்தக் கதையைப் பதிவு செய்து ஆராய்ந்திருக்கிறார். படுகளத்தில் விழுந்து எழுபவன்மீது யாரும் குற்றம் சாட்டுவதில்லை. அவன் வாயிலிருந்து எதையும் பிடுங்குவதுமில்லை. ஊரே அழுது ஊரே எழுப்புகிறது. எதை ‘அமானுஷ்யம்’ என்னும் ஒரே சொல்லில் அடைக்கிறோம் என்பதில் நமக்குக் கவனம் வேண்டும்.

*

கோவையில் உரையாடல் என்றால் ஞானியின் பெயரைச் சொல்லாமல் முடியாது. சோமனூரில் 1935இல் பிறந்தவர், பள்ளித் தமிழாசிரியர், மார்க்சியத் திறனாய்வாளர், 2020 ஜூலையில் மறைந்தார். 1980களின் இறுதியில் பார்வையை இழந்த பிறகு மற்றவர்கள் வாசிக்கக் கேட்டே வாசித்தார், சொல்லச் சொல்ல எழுதவைத்தே எழுதினார். மேலும் முப்பதாண்டுக் காலம் அப்படி. ஒவ்வொரு நூலும் அவருக்கு இன்னொருவரின் குரலாகவே வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கட்டுரையும் இன்னொருவரின் கையால் பிறந்தது. அவருக்கு வாசிப்பு என்பதே உரையாடலாகிவிட்டது என்று சொன்னால் அது அணியல்ல, நேர்ப்பொருள்.

‘நிகழ்’ இதழில் தன் கொள்கைக்கு ஒத்துவராதவற்றுக்கும் இடம் கொடுத்தார். ஜெயமோகனின் தொடக்ககாலக் கதைகளான ‘படுகை’யும் ‘போதி’யும் அதில் வந்தவைதான், நாட்டார் தெய்வங்களும் தொன்மங்களும் நிறைந்த அந்த உலகத்தை ஒரு கட்சி மார்க்சியர் படித்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பியிருப்பார். எஸ்.என். நாகராசன் கீழை மார்க்சியம் என்று பேசியபோது அதைக் கேட்டு, உள்வாங்கி, பிணங்கவும் செய்தவர் ஞானி. கடவுள் ஏன் இன்னும் சாகவில்லை என்னும் கேள்வியையே ஒரு நூலின் தலைப்பாக வைத்த மார்க்சியர் தமிழில் வேறு யார்? அவரது உரைநடை எனக்குச் சில வேளை அலுப்பூட்டும். எந்தப் பாதையில் கிளம்பினாலும் தமிழறம், மெய்யியல் என்று அதே சத்திரத்தில் போய்த் தங்குவார். ஆனால் வழியில் ஏறிக்கொள்ளும் எவரையும் இறக்கிவிடமாட்டார்.

நாம் யாரிடம் உரையாடவே இல்லை என்பதும் கணக்கில் வரவேண்டும். பிரமிளை எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலையில் 1939இல் பிறந்து தமிழ்நாட்டில் 1997இல் மறைந்த அந்தக் கவிஞர், ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையே தலைப்பாக வைத்துக் கவிதை எழுதினார். அதே மனிதர் எண்கணிதத்தை நம்பித் தன் பெயரின் எழுத்துகளை மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்டார். ஒரே தலைக்குள் இயற்பியலும் எண்சோதிடமும் எப்படிக் குடியிருந்தன? நவீனத் தமிழ்க் கவிதையில் கேட்கத்தக்க மிகச் சுவையான கேள்விகளில் ஒன்று இது. அவருடைய அன்பர்கள் சங்கடத்தோடு அதைத் தாண்டிப் போனார்கள்; பகைவர்கள் அதை வைத்துச் சிரித்தார்கள். உட்கார்ந்து கேட்டவர் இல்லை, அல்லது கேட்டது எழுத்தில் இல்லை.

இப்போதோ நீண்ட உரையாடலுக்குப் பஞ்சமில்லை. மூன்று மணிநேரக் காணொளி நேர்காணல்கள் வாரந்தோறும் வருகின்றன. சித்தர்கள், ஆழ்மனம், யுங், குண்டலினி, கனவு, மறுபிறவி. நானும் இரவு உணவுக்குப் பிறகு கேட்கிறேன், மறைப்பானேன். பேசுபவர்கள் பலர் உண்மையிலேயே படித்தவர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தலையசைக்கிறார். “அருமை சார்” என்கிறார். மூன்று மணிநேரத்தில் ஒருமுறைகூட “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பதில்லை. அண்ணன்மார் கதையின் பின்பாட்டுக்காரர் இவரைவிட எவ்வளவோ மேல். கோடாங்கியாவது கேள்வி கேட்டார்.

*

அந்தக் குடும்பத்துக்கு மறுபடி போனேன், இம்முறை சொல்லிவிட்டு. மனநல மருத்துவம் அறிந்த நண்பர் ஒருவரிடம் முன்பே பேசியிருந்தேன். அவர் தந்த செய்தி எனக்கு வியப்பாக இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் தமிழ்நாட்டுச் சிற்றூரின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கடுமையான நோய் உள்ளவர்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்கள். அவர்களது நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே பேயோட்டல் கிடையாது. காலையில் ஒரு சிறு பூசை, பிறகு கோயில் வேலை: கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. யாரும் விரட்டாத, மதிக்கிற ஓர் இடம் என்பதே பயனளித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இதைத் தகப்பனாரிடம் சொன்னேன். ஏர்வாடியையும் சொன்னேன். 2001 ஆகஸ்டு 6 அன்று கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் ஓடமுடியாமல் கருகிய ஏர்வாடி. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் முற்றாகத் தடை செய்திருக்கிறது என்றும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கோயிலுக்குப் போறது தப்பில்லீன்னு சொல்றீங்க, அப்பிடித்தானுங்களே?” என்றார். ஆமாம் என்றேன். “கேக்கறதுதான் தப்புங்களா?” என்றார். யாரிடம் கேட்கிறோம் என்பதுதான் என்று சொல்ல வந்து, நிறுத்திக்கொண்டேன். அவர் மகள் நிலைப்படியில் நின்றிருந்தாள்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக இப்போது அவள் அரசு மருத்துவமனைக்குப் போய்வருகிறாள். மாத்திரை சாப்பிடுகிறாள், சில மாதம் விட்டும் விடுகிறாள். அமாவாசைக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போவதும் நிற்கவில்லை. கோடாங்கி வருவது நின்றிருக்கிறது என்று தங்கை சொன்னாள். நிரந்தரமாகவா என்று எனக்குத் தெரியாது. தூக்கம் சற்றுத் தேவலை.

பொங்கலுக்குப் போயிருந்தபோது அவளே என்னிடம் வந்து பேசினாள். தங்கை வகுப்புக்காக எடுத்திருந்த ‘காஞ்சனை’ நகலைப் படித்திருக்கிறாள். பேயா இல்லையா என்று அவள் கேட்கவில்லை.

“கத முழுக்க அந்த வீட்டுக்காரரேதானுங்க சொல்லறாரு. அந்தம்மா சொல்லியிருந்தா வேற மாதிரி இருந்திருக்குமுங்களே?”

பதினெட்டு ஆண்டுகளாக அந்தக் கதையை வகுப்பில் நடத்துகிறேன்.